புளி போட்டுத் தேய்த்த தோட்டாக்கள்

என் கண்ணான மகனுக்கு,

நேற்று ஃபோனில் நீ சிரித்தாய் பார், அந்தச் சிரிப்புதான் இந்த வயதில் என்னைப் பேனாவைப் பிடிக்க வைத்திருக்கிறது. உன் மகளுக்கு ரைபிள் லைசென்ஸ் வந்துவிட்டது, கடையில் போய் நின்றால் தோட்டாவில் அத்தனை வகை இருக்கிறது, எதை நம்பி வாங்குவதென்றே புரியவில்லை என்றாய். அதோடு விட்டிருக்கலாம். "அப்பா இருந்திருந்தா, பளபளன்னு இருக்கிறத எடுல, அதான் நல்ல சரக்குன்னு சொல்லியிருப்பாரு. பாவம், அன்னைக்கு நான் ஏன் தோத்தேன்னு கடைசி வரைக்கும் அவருக்குத் தெரியாமலே போயிட்டு" என்றாய். நானும் கூடச் சிரித்துவிட்டு ஃபோனை வைத்தேன். வைத்த பிறகு மனசு ஆறவே இல்லை. உன் அப்பா ஒன்றும் தெரியாமல் போய்ச் சேர்ந்தார் என்று நீ காலம் முழுக்க நினைத்துக்கொண்டிருக்கக் கூடாது. ஃபோனில் சொல்ல வந்தால் எனக்கு அழுகை முட்டும், நீயும் "சரிம்மா, சரிம்மா" என்று அவசரப்படுவாய். அதனால்தான் எழுதுகிறேன். தோட்டா விஷயமும் இதிலேயே வரும், பொறுமையாகப் படி.

தொண்ணூறுகளின் நடுவில் நாம் ராஜா அண்ணாமலைபுரத்தில் அந்த மாடி வீட்டில் இருந்தோம், உனக்கு நினைவிருக்கும். லாரித் தண்ணீருக்குக் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு, அது நகர்கிறதா என்று பால்கனியிலிருந்து எட்டி எட்டிப் பார்த்த காலம். அப்பா காலையில் 5பி பஸ் பிடித்து தி. நகர் போனால், பாண்டி பஜாரை ஒட்டிய நம் பாத்திரக்கடையை அடைத்துவிட்டுத்தான் திரும்புவார். ஒரு குத்துவிளக்கையோ சொம்பையோ கையில் எடுத்தால் விரல் முட்டியால் தட்டிக் காதருகே வைத்துக் கேட்காமல் கீழே வைக்க மாட்டார். "ணங்குன்னு சத்தம் வரணும், முகம் பார்த்தா முகம் தெரியணும். இந்த ரெண்டும் இருந்தா கண்ண மூடிக்கிட்டு வாங்கலாம்" என்பார். கல்யாணச் சீர் வாங்க வருகிற பெண்கள் அவர் பேச்சை அப்படியே நம்புவார்கள். நம்பலாம், பித்தளை விஷயத்தில் அவரை அடித்துக்கொள்ள தி. நகரில் ஆள் கிடையாது. ஆனால் எல்லாப் பித்தளையும் பாத்திரம் இல்லையே. அதுதான் பின்னால் நமக்கு வினையாக வந்தது.

கல்லூரியில் என்.சி.சி.யில் சேர்ந்து நீ துப்பாக்கி சுடப் பழகினாய். அது கல்லூரியோடு போய்விடும் என்று நாங்கள் நினைத்தோம். நீ என்னடாவென்றால் எம்.எஸ்ஸி. முடித்து, அடையாறில் டியூஷன் எடுத்துக்கொண்டே எழும்பூர்ப் பக்கம் இருந்த ரைபிள் கிளப்பில் போய்ச் சேர்ந்துவிட்டாய். அப்புறம் சொந்த ரைபிள், அதற்கு லைசென்ஸ். லைசென்ஸுக்கு விசாரிக்க ஒரு போலீஸ்காரர் வீட்டுக்கு வந்த அன்று கீழ்வீட்டு மாமி ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. அப்பா உன்னோடு அதற்கும் மேலே பேசவில்லை. உன்னிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் என்னிடம் சொல்லுவார், நீ பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பாய். "ஏட்டி, உன் மகன்கிட்ட கேளு. சைவ வீட்டுல துப்பாக்கிக்கு என்ன சோலி? கடைக் கணக்கப் பாக்க வான்னா வரமாட்டுக்கான். ஒத்தக் கண்ண மூடிக்கிட்டு சுவத்த சுடுதானாம், சுவத்த!" என்பார். நீ வாய்க்குள்ளேயே சிரித்துக்கொண்டு மோர் கேட்பாய்.

தேர்தல் வந்தபோது நடந்த கூத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பு அடங்காது. துப்பாக்கி வைத்திருக்கிறவர்கள் ஸ்டேஷனில் கொண்டுபோய் ஒப்படைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். தனியாக உன்னை அனுப்ப அப்பாவுக்கு மனசு வரவில்லை. உன்னோடு பேச்சும் கிடையாது. ரைபிளை என் பழைய பட்டுப்புடவை ஒன்றில் சுற்றி, மடியில் குறுக்காக வைத்துக்கொண்டு ரிக்‌ஷாவில் உன் பக்கத்தில் விறைப்பாக உட்கார்ந்து போனார். கீழ்வீட்டு மாமி வாசலுக்கு வந்து, "ஆத்துல யாரு வீணை கத்துக்கறா?" என்று கேட்டாள். அப்பா தலையைத் திருப்பாமல், "பையன்தான் மாமி, இப்பதான் சரளி வரிசை" என்றார். ரிக்‌ஷாக்காரர் உட்பட மூன்று பேரும் மந்தைவெளி வரைக்கும் சிரித்துக்கொண்டே போனதாக நீ வந்து சொன்னாய். அன்றைக்குத்தான் அவர் உன்னோடு திரும்பப் பேச ஆரம்பித்தார்.

பேச ஆரம்பித்த பிறகு அவருக்கு ஆர்வமும் வந்துவிட்டது, வெளியே காட்டிக்கொள்ள மாட்டார், அவ்வளவுதான். நீ சாப்பிடும்போது தோட்டாவைப் பற்றி என்னிடம் சொல்வதையெல்லாம் பேப்பர் படிக்கிற மாதிரி உட்கார்ந்து கேட்பார். ஒவ்வொரு ரைபிளுக்கும் ஒரு நாக்கு இருக்கிறது, எந்தத் தோட்டா அதற்குப் பிடிக்கும் என்று அதையேதான் கேட்க வேண்டும் என்பாய். ஒரே இடத்தில் குறி வைத்துப் பத்து ரவுண்டு சுட்டால், ஓட்டைகள் நெருங்கி விழுகிறதா, சிதறி விழுகிறதா என்று பார்க்க வேண்டும். அப்படி நீ வகை வகையாகச் சுட்டுப் பார்த்ததில், உன் ரைபிளுக்குப் பிடித்தது பார்க்க லட்சணமே இல்லாத ஒரு வெளிநாட்டுத் தோட்டா. மங்கலாக, ஈய முனையில் மெழுகுப் பிசுக்கோடு, தொட்டால் கையில் ஒட்டும். அது இங்கே எளிதில் கிடைக்காது. கிளப்பில் ஒரு பெரியவர் தனக்கு வந்ததில் இரண்டே இரண்டு பெட்டி உனக்குக் கொடுத்திருந்தார். ஐப்பசியில் மாநில அணிக்கு ஆள் எடுக்கிற போட்டி இருந்தது. அதற்கென்று ஒரு பெட்டியை பீரோவில் பிஸ்கட் டப்பாவுக்குள் வைத்திருந்தாய். அந்த வருஷம் எடுபடாவிட்டால் வேலைக்குப் போய்விடு என்று அப்பா கெடு வைத்திருந்தார், அதையும் சொல்லிவிட வேண்டும்.

போட்டிக்கு முன்னால் ஆயுத பூஜை வந்தது. கடையில் தராசு, படிக்கல், சுத்தியல் எல்லாவற்றையும் கழுவிப் பொட்டு வைத்துவிட்டு அப்பா மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டார். நான் கொலுவுக்குச் சுண்டல் கொடுக்க மாட வீதிப் பக்கம் போயிருந்தேன், நீ பயிற்சிக்குப் போயிருந்தாய். திரும்பி வந்தால் வீடே புளி வாடை. பின்பக்கம் குழாயடியில் மணைபோட்டு உட்கார்ந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஊறவைத்த புளியால் உன் தோட்டாக்களை ஒவ்வொன்றாக உருட்டி உருட்டித் தேய்த்துக்கொண்டிருந்தார் மனிதர். பக்கத்தில் வாளியில் தண்ணீர், லாரித் தண்ணீர், அதில் பாதி முங்கிக் கிடந்தது. "ஐயோ, வெடிச்சுத் தொலையப் போகுதுங்க!" என்று கத்தினேன். "கூப்பாடு போடாத. பின்னாடி அடிச்சாதான் வெடிக்கும், உன் மகன்தான் சொல்லியிருக்கான். பாரு, எவ்வளவு பிசுக்கு! பையன் பெரிய போட்டிக்குப் போறான், இப்படியா அழுக்கா எடுத்துட்டுப் போவான்? பாத்திரக்கடைக்காரன் மகன்னு நாலு பேருக்குத் தெரிய வேண்டாமா?" என்றார். அவர் நெற்றி முழுக்க வியர்வை. எனக்கும் அப்போது ஒன்றும் தெரியாது. நீ வருகிறதற்குள் மொட்டை மாடி வெயிலில் நானே ஒரு துண்டை விரித்து அவற்றைக் காயப் போட்டேன்.

சாயங்காலம் பூஜைக்கு அப்பா தானாகவே, "அந்த ரைபிளையும் எடுத்து வைல" என்றார். நீ ஆசையோடு எடுத்து வைத்தாய். அப்புறம்தான் தாம்பாளத்தைப் பார்த்தாய். பொரி, கடலை, வெல்லத்துக்குப் பக்கத்தில், ஒவ்வொன்றின் இடுப்பிலும் சந்தனமும் குங்குமமுமாக உன் தோட்டாக்கள் தங்கக் கம்மல் மாதிரி மின்னிக்கொண்டு நின்றன. நீ ஒன்றை எடுத்து விரலால் தடவினாய், மோந்து பார்த்தாய். உன் முகம் என்னவோ போல் ஆனது. நெகிழ்ந்துபோய்விட்டாய் என்று நான் நினைத்துக்கொண்டேன், எனக்கெங்கே புரிந்தது! அப்பா உன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். "எப்படில இருக்கு?" என்றார். "நல்லா இருக்குப்பா" என்று சொல்லி அவர் காலைத் தொட்டு விபூதி வாங்கிக்கொண்டாய். அவருக்கு அன்றைக்கு இருந்த சந்தோஷத்தில் கீழ்வீட்டு மாமிக்கும் பொரி கொடுத்தனுப்பினார்.

போட்டிக்குத் தானும் வருவேன் என்று அப்பா கிளம்பியபோது நம் இரண்டு பேருக்குமே ஆச்சரியம். பண்டிகை நாள் தவிர அவர் கடையை ஒரு வேளை அடைத்து அதுவரை நான் பார்த்ததில்லை. எலுமிச்சம்பழச் சாதம் கட்டிக்கொண்டு நானும் வந்தேன். ஆட்டோவில் அப்பா உன் காதருகே குனிந்து, சின்னப் பிள்ளை மாதிரி, "நான் தேய்ச்சதத்தானல போடப் போற?" என்று கேட்டார். ஒரு நிமிஷம் நீ வெளியே பார்த்தாய். "ஆமாப்பா" என்றாய். அவ்வளவுதான், மகனே. உன் தோல்வி அந்த ஆட்டோவிலேயே முடிவாகிவிட்டது, எனக்குத்தான் தெரியவில்லை.

கயிற்றுக்குப் பின்னால் நாற்காலி போட்டு எங்களை உட்கார வைத்தார்கள். நீ குப்புறப் படுத்து, அந்த மின்னுகிற தோட்டா ஒன்றை எடுத்துப் போட்டாய். அப்பா என் கையைத் தட்டி, "பாரு, பாரு" என்றார். சுட்டாய், சத்தம் கேட்டது. இன்னொன்று, சத்தம். அடுத்ததில் 'டக்' என்று மட்டும் கேட்டது. நீ அசையவே இல்லை. துப்பாக்கியை இலக்கை விட்டுத் திருப்பாமல், அப்படியே பொறுத்திருந்து, அப்புறம்தான் திறந்து வெளியே எடுத்தாய். "சுடாம என்ன யோசிக்கான்?" என்று அப்பா கேட்டார். கொஞ்ச நேரத்தில் திரும்பவும் 'டக்'. வெடித்தவையும் தாளில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிப் போயிருந்தன. முடிவைப் பலகையில் ஒட்டியபோது உன் பேர் எங்கேயோ அடியில் இருந்தது. நீ எங்களிடம் வந்து, "இன்னைக்குக் கை நடுங்கிட்டுப்பா" என்றாய். அப்பா உன் தோளைத் தட்டி, "அடுத்த வருஷம் பாத்துக்கலாம்ல, கெடுவும் கிடையாது ஒண்ணும் கிடையாது" என்றார்.

தண்ணீர் குடிக்கப் போன இடத்தில்தான் பாஷா பாய் என்னைப் பிடித்துக்கொண்டார். கிளப்பில் தோட்டாவுக்குப் பொறுப்பாக இருந்தாரே, திருவல்லிக்கேணிக்காரர், அவர்தான். "யம்மா, அந்தத் தோட்டாவ இன்னா பண்ணீங்க? மெழுகே இல்ல, உள்ள ஈரம் பூந்துக்கீது. அந்த மெழுகுதாம்மா குண்ட நேராக் கொண்டுகினு போவும்" என்றார். நான் புளிக் கதையைச் சொன்னதும் தலையில் கை வைத்துக்கொண்டார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "அத்த வுடுங்க. பையன் பையில அதே சரக்குல இன்னொரு பொட்டி பிரிக்காம கீது. நானே 'மாத்திக்கோ நைனா, மாத்திக்கோ'ன்னு கண்ணக் காட்டிக்கினே இருந்தேன். பின்னாடி திரும்பி உங்க வூட்டுக்காரரப் பாத்தான், மாட்டேன்னு தலைய ஆட்டிட்டான். இன்னா புள்ளம்மா இது!" என்றார். அந்த இடத்திலேயே எனக்குக் கண் நிரம்பிவிட்டது. "பாய், இது இவுகளுக்குத் தெரியவே கூடாது" என்றேன். "நான் ஏம்மா வாயத் தொறக்கறேன்?" என்றார். வீட்டுக்கு வந்து நானும் உன்னிடம் தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளவில்லை. நீயாகவே உன் கல்யாணத்துக்குப் பிறகு ஒருநாள் சொன்னாய்.

அடுத்த வருஷம் ஆயுத பூஜைக்கு நீ என்ன செய்தாய் என்று நினைவிருக்கிறதா? இரண்டு நாள் முன்னாலேயே ஒரு துணிப்பை நிறையச் சுட்டு முடித்த காலித் தோட்டாக்களைக் கொண்டுவந்து அப்பா முன்னால் வைத்தாய். "அப்பா, இந்த வருஷம் இதத் தேய்ச்சுக் குடுங்க. ஜெயிச்ச தோட்டாவுக்குத்தான் பூஜை போடணும்னு கிளப்புல சொல்றாங்க" என்றாய். கிளப்பில் எவன் அப்படிச் சொன்னான்! நீ பச்சையாகப் புளுகினாய், நான் அடுப்படிக்குள் போய்ச் சிரித்தேன். அப்பா பையைக் கவிழ்த்து ஒரு காலியை எடுத்து, வழக்கம்போல முட்டியால் தட்டிக் காதில் வைத்துப் பார்த்தார். "சரிதான், நல்ல பித்தளை" என்றார். அந்த வருஷம் நீ அணிக்குத் தேர்வானாய், வெளியூரெல்லாம் போய்ச் சுட்டாய், அப்புறம் வேலை, கல்யாணம், அசோக் நகர் வீடு என்று ரைபிள் கைமாறிப் போனது. ஆனால் அந்தக் காலிகள் ஒரு சொம்பு நிறைய நம் வீட்டிலேயே தங்கிவிட்டன. வருஷா வருஷம் அப்பா அவற்றைப் புளி போட்டுத் தேய்க்காமல் விட்டதில்லை. நீயும் வந்து "சூப்பர்ப்பா" என்று சொல்லாமல் போனதில்லை.

இனிமேல்தான் உனக்குத் தெரியாதது. அப்பா போவதற்கு முந்தின ஆயுத பூஜை. கை நடுக்கம் அதிகமாகிவிட்டது, ஒரு தோட்டாவைப் பிடிக்கவே விரல் வரவில்லை. எனக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை. "விடுங்களேன், வெறும் காலிதானே, ஒரு வருஷம் தேய்க்காட்டி என்ன குடி முழுகிரும்?" என்றேன். அவர் சிரித்தார். "அவன் ஏன் காலியக் கொண்டாந்து குடுத்தான்னு உனக்குத் தெரியுமாட்டி?" என்றார். "ஜெயிச்ச தோட்டாவுக்குப் பூஜைன்னு அவன் சொன்னத என்னால நம்ப முடியல, மறுநாளே எழும்பூர் போயிட்டேன். பாஷா பாய டீக்கடைக்குக் கூட்டிட்டுப் போயிக் கேட்டேன். ஒண்ணு விடாம சொல்லிட்டாரு. மெழுகு, ஈரம், பையில இருந்த அந்த இன்னொரு பெட்டி, எல்லாம்" என்றார். வாயே திறக்க மாட்டேன் என்ற மனிதர் ஒரு டீக்கு எல்லாவற்றையும் கொட்டியிருக்கிறார், பார்!

"அப்ப ஏங்க அவன்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல?" என்றேன். அப்பா அந்தக் காலியைத் திரும்பத் திரும்ப உருட்டிக்கொண்டே இருந்தார். "என்னன்னு கேக்க? எனக்கு மனசு கஷ்டப்படக் கூடாதுன்னுதான் என் மகன் அத்தன பேரு முன்னாடி தோத்தான். எனக்குத் தெரிஞ்சிட்டுன்னு காட்டுனா, அவன் தோத்தது வீணாப் போயிராதா? அதான் தேய்ச்சுக்கிட்டே இருந்தேன்" என்றார். சொல்லிவிட்டு அழுதார். யார் முன்னாலும் அழாத மனிதர், என் முந்தானையை இழுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு நான் புளியைக் கரைத்துக் கொடுக்க, அவர் பிடித்துக்கொள்ள, இரண்டு பேருமாகச் சேர்ந்து அந்தச் சொம்பு முழுக்கத் தேய்த்து முடித்தோம். அன்று சாயங்காலம் நீ வந்து "சூப்பர்ப்பா" என்றபோது அவர் உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நீ செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தாய். அதைக் குறையாகச் சொல்லவில்லை, சொல்லத் தோன்றியது.

அதனால், மகனே, அவர் தெரியாமல் போகவில்லை. இனி அந்தச் சிரிப்பைச் சிரிக்காதே. சிரித்தாலும் பரவாயில்லை, தெரிந்துகொண்டு சிரி.

இப்போது என் பேத்தியின் தோட்டா. பாட்டிக்கு என்ன தெரியும் என்று அவள் சொல்லலாம், அத்தனை வருஷம் உனக்குச் சோறு போட்டுக்கொண்டே காது கொடுத்தவள் நான். கடைக்காரன் எதைப் புகழ்கிறான் என்று பார்க்காதே, பெட்டியின் பளபளப்பையும் பார்க்காதே. இரண்டு மூன்று வகையில் கொஞ்சம் கொஞ்சம் வாங்கி, அவள் ரைபிளில், அவள் கையால் சுட்டுப் பார்க்கச் சொல். உன் ரைபிளுக்குப் பிடித்ததே அவளுடையதற்கும் பிடிக்க வேண்டும் என்று கட்டாயமில்லை, அதில் அப்பன் என்கிற அதிகாரத்தைக் காட்டாதே. எது நெருங்கி விழுகிறதோ, அந்தப் பெட்டியில், ஒரே தடவையாகச் செய்த சரக்குக்கென்று போட்டிருக்கிற லாட் நம்பரைப் பார்த்து அதே நம்பரிலேயே வருஷத்துக்குத் தேவையானதை வாங்கிவிடு. அடுத்த லாட் அண்ணன் தம்பி மாதிரிதான், முகஜாடை ஒன்றாக இருக்கும், குணம் வேறாக இருக்கும். ரைபிளை ஒரு பூட்டில், தோட்டாவை வேறு பூட்டில், ஈரம் படாத இடத்தில் வை. அந்த மெழுகை யாரும் தொடக் கூடாது. வெடிக்காமல் போனால், தாமதமாக வெடித்தாலும் வெடிக்கும், நீ அன்றைக்குப் பொறுத்திருந்த மாதிரியே அவளும் பொறுத்திருக்கட்டும். வெடிக்காததைக் குப்பையில் போடாமல் கிளப்பில் பொறுப்பானவரிடம் கொடுத்துவிடச் சொல்.

வருகிற ஆயுத பூஜைக்கு மூன்று பேரும் இங்கே வந்துவிடுங்கள், சாக்குச் சொல்லாதே. அவள் சுட்ட காலிகளை ஒரு பையில் போட்டுக் கொண்டுவரச் சொல். சுடாததை அங்கேயே பூட்டிவிட்டு வா, இந்தக் குடும்பத்தை நம்ப முடியாது. தேய்க்கிற வேலை இந்த வருஷம் உன்னுடையது. அப்பாவின் மணையைக் குழாயடியில் போட்டு வைக்கிறேன், புளியும் ஊறவைத்திருப்பேன்.

உன் அம்மா